எஃப் 10.2

பத்திரிகை வாழ்வில் எத்தனையோ மரணச் செய்திகளை எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று இன்றும் உறுத்துகிறது. என்னுடன் பணியாற்றிய ஒப்புநோக்காளர் ஒருவரைப் பற்றி, 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்தார்' என்று எழுதினேன்.

அவர் மாலைதோறும் தவறணைக்குச் செல்வதை அலுவலகமே அறியும். 'மனம் வைத்தால் விட்டுவிடலாம்' என்று புத்தி சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை சொற்கேட்டு உடனே நிறுத்தினார். இரண்டாம் நாளே கை நடுங்கியது, உறக்கம் போயிற்று. மீண்டும் குடித்தார். உறுதியற்ற மனிதர் என்று ஏளனம் செய்தோம்.

அந்தியேட்டி முடிந்தபின் அவரது மனைவி வைத்திய அறிக்கையொன்றை நீட்டி, "இந்த இலக்கங்கள் என்ன அண்ணை?" என்று வினவினார். கே 70.3, எஃப் 10.2. விசாரித்து அறிந்தேன். முன்னையது மதுவினால் வரும் ஈரல் சிதைவு. பின்னையது மதுவில் தங்கியிருத்தல் என்னும் நோய். 1990 இல் அங்கீகரிக்கப்பட்ட பத்தாவது சர்வதேச நோய் வகைப்பாட்டில் உள்ள குறியீடுகள் இவை. திடீரென நிறுத்தும்போது உண்டாகும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும்கூட எஃப் 10.3 என்று தனி இடம் உண்டு. மருந்தின்றி நிறுத்துவது சிலவேளை உயிரையே பறிக்கும்.

2022 முதல் நடைமுறையிலுள்ள பதினோராவது வகைப்பாட்டில் குறியீடு 6சி40.2 என மாறிவிட்டது. ஆயினும் அது நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. குற்றங்களின் பட்டியலில் அல்ல.

"அது ஒரு வருத்தம், தங்கச்சி" என்றேன். "அப்ப ஏன் ஒருத்தரும் மருந்து எடுக்கச் சொல்லேல்லை?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.