பிள்ளைகளை விட்டுவிட்டு

போன மாசம் நானும் எங்க வீட்டுக்காரரும் சனி, ஞாயிறு ரெண்டு நாள் கொடைக்கானல் போய் வந்தோம். கல்யாணமாகி எட்டு வருசத்தில் நாங்க ரெண்டு பேர் மட்டும் போனது இதுதான் முதல் தடவை. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டோம். பெரியவனுக்கு ஆறு, சின்னவளுக்கு மூணு.

எங்க சேரியிலேயே பேச்சு வந்தது. 'பச்சப் பிள்ளைகள விட்டுட்டு என்னடி ஊர் சுத்துறது?' என்னை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு நாள் பூரா நாற்று நட்டவள் என் அம்மா. பிள்ளை அழுதால் பால் கொடுக்கக்கூட வரப்பில் நின்ற நிலக்காரர் கரையேற விடமாட்டார். அப்போது எவரும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. வேலைக்கென்றால் நம் பிள்ளைகள் எங்கே கிடந்தாலும் சரி. நாம் சும்மா இருக்கப் போனால்தான் எல்லாருக்கும் பிள்ளைப் பாசம் பொங்குகிறது.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மோட்டார் ரோடு வருமுன் இந்த மலைக்குத் துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார்ந்து கூலிகளின் தோளில்தான் ஏறினார்கள். 1863இல் ஏரியை அமைத்த லெவிஞ்ச் துரையின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சுமந்தவன் பெயர் இல்லை. அவன் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்களோ.

ஏரியைச் சுற்றி நடந்தோம். படகில் ஏறவில்லை, காசுக் கணக்கு. சனிக்கிழமை மத்தியானம் அவர் ரெண்டு மணி நேரம் தூங்கினார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்ப மனசில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

'அடுத்த தடவை நீயும் அப்பாவும் போங்க, ஆட்டை நான் பாத்துக்கிறேன்' என்றேன் அம்மாவிடம்.

'அந்தக் கெழவனோடயா?' என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அங்க ரொம்பக் குளிருமாமே?' என்று கேட்டாள்.