பாளையம் தெரியும்... கடல் தெரியாது! - கோழிக்கோடு இலக்கியத் திருவிழாவில் கோவை மாணவர்கள்

"காலேஜ்ல ஓ.டி. குடுத்தாங்கக்கா, அதான் வந்தேன்!"

எதற்காக இலக்கிய விழாவுக்கு வருகிறீர்கள் என்று கோவை ரயில் நிலையத்தில் விடிகாலையில் கேட்டதற்கு, கொட்டாவிக்கு நடுவே வந்த பதில் இது. தமிழ் இலக்கியம் படிக்கும் 22 மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள், இரண்டு பை நிறைய இட்லிப் பொட்டலங்கள். கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் நடக்கும் கேரள இலக்கியத் திருவிழாவுக்குக் கிளம்பிய அந்தக் கூட்டத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். இந்த முறை 2025 ஜனவரி 23 முதல் 26 வரை. நாங்கள் போனது இரண்டாம் நாள்.

கோவையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நீங்கள் போவதாக இருந்தால், ஷொர்ணூர் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பட்டாம்பியிலிருந்து குற்றிப்புரம் வரை பாரதப்புழை கூடவே வரும். ஜனவரியில் தண்ணீரைவிட மணலும் புல்லும்தான் அதிகம். அக்கரையில் கூடல்லூர், எம்.டி.வாசுதேவன் நாயரின் ஊர். வாழ்நாளெல்லாம் இந்த ஆற்றை எழுதிய அவர், டிசம்பர் 25-ம் தேதி கோழிக்கோட்டில் காலமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பேராசிரியர் கைகாட்டிச் சொன்னதும், ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து மிட்டாய்த் தெரு வழியாக நடந்தோம். கடைக்குக் கடை கலர் கலராக அல்வாக் கட்டிகள். இந்தத் தெருவை வைத்தே ஒரு நாவல் எழுதியவர் எஸ்.கே.பொற்றேகாட். அவருக்கு இங்கே சிலையும் இருக்கிறது. 2023-ல் யுனெஸ்கோ இந்தியாவின் முதல் 'இலக்கிய நகரம்' என்று கோழிக்கோட்டை அறிவித்தது சும்மா இல்லை.

கடற்கரையில் பந்தல் பந்தலாக மேடைகள். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடப்பதால், எதைக் கேட்பது, எதை விடுவது என்று குழப்பம்தான். ஆங்கில அமர்வில் பத்து நிமிடம், மலையாள அமர்வில் ஐந்து நிமிடம் என்று சுற்றிவிட்டு, பாதிப் பேர் உப்பிலிட்ட நெல்லிக்காயும் அன்னாசியும் விற்கும் வண்டிகள் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். நான் போனபோது அங்கே ஐஸ் ஒரதியும் ஓடிக்கொண்டிருந்தது. குறை சொல்ல மாட்டேன், நானும் இரண்டு சாப்பிட்டேன்.

மலையாள அமர்வில் கடைசி வரிசையில் மட்டும் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் ஒரு மாணவி, மேடையில் பேசுவதைக் கிசுகிசுப்பாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் வாயே திறக்காத பெண் என்று பேராசிரியர் ரயிலில் சொன்னது இவரைத்தான். "சங்கடம்னு சொல்றாருங்கல்ல, அது நம்மூரு சங்கடமில்ல. துக்கம். அழுகை வர்ற மாதிரி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார்.

மலையாளம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"படிக்கலீங்கக்கா. எழுத்தே தெரியாது. அப்பா லாரி ஓட்டறாரு. இங்க பாளையம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு. எங்கூர்ல லோடு ஏத்தறப்ப மலையாள வியாபாரிங்க போன்லயே பேசிட்டிருப்பாங்க. கணக்கு எழுதறது நான்தானுங்க. அப்படியே வந்துருச்சு."

அமர்வு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் அவர் கை தூக்கினார். தோழிகள் இரண்டு பேர் அவருக்காகக் கூடவே கை தூக்கினார்கள். மைக் முன்வரிசையில் சுற்றியது. கேள்வி என்ற பெயரில் ஒருவர் குட்டிச் சொற்பொழிவே ஆற்றினார். அவ்வளவுதான், நேரம் முடிந்தது. மைக் கடைசி வரிசைக்கு வரவே இல்லை. எந்த ஊர் விழாவிலும் இதே கதைதான்!

என்ன கேட்க நினைத்தார்? "மார்க்கெட்டுல பேசற மலையாளத்துலயே கதை எழுதினா ஒத்துக்குவாங்களான்னு..." என்று இழுத்தார்.

பதில் சொன்னது, டீ வாங்கிக்கொண்டு வந்த பேராசிரியர். "பஷீர் அதைத்தானம்மா பண்ணாரு." வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' நாவலில், அவர் எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி இலக்கணப் பிழை பிடிப்பார். பேசுவதுபோல எழுதினால் என்ன தப்பு என்று பஷீர் சண்டைக்குப் போவார். பேராசிரியர் அந்தக் காட்சியை நடித்தே காட்டினார். கோபித்துக்கொள்ளும் அண்ணனாகவும் அவரே, தம்பியாகவும் அவரே. ஐஸ் ஒரதிக் கூட்டமும் திரும்பி வந்து சிரித்தது.

பஷீர் கடைசிவரை வாழ்ந்த பேப்பூர் பக்கத்தில்தான். அந்த வீட்டு மாங்குஸ்தான் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நிறைய பேர் கேட்டும் நேரம் இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை மட்டும் நீங்கள் போடாதீர்கள்.

இருட்டும் நேரம். கடலுக்குள் சிதைந்து நிற்கும் பழைய பாலத்தின் தூண்களுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த மாணவி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். லோடு ஏற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அப்பா, பாளையத்துல இருந்து நடந்தே வந்துடலாம்ப்பா. கிட்டத்துலதான் இருக்குது."

"என்னது கண்ணு?"

"கடலு."

பதினைந்து வருடமாக வந்துபோகிற ஊர். நள்ளிரவில் இறக்கிவிட்டு, விடிவதற்குள் பாலக்காட்டைத் தாண்ட வேண்டும். "அங்க கடல் இருக்குதா?" என்றார் அவர்.

மகள் போனைக் கடல் பக்கம் திருப்பினார். இருட்டிவிட்டதால் திரையில் கறுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"சத்தம் கேக்குதாப்பா?"