கடைசிக் கட்டத்துக் குரல்

நெமோவின் ஒவ்வொரு பக்கமும் ஒரே மாதிரிதான் முடியும். வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு கட்டில், சுருண்டு கிடக்கும் போர்வை, தரையில் விழுந்தோ படுக்கையில் திடுக்கிட்டு உட்கார்ந்தோ ஒரு சிறுவன். அவனை அதட்டுகிற அல்லது தேற்றுகிற ஒரு குரல். பெரும்பாலும் அம்மா, சில வாரம் அப்பா. ராத்திரி கண்டதையும் தின்றுவிட்டுப் படுத்தால் இப்படித்தான் என்று திட்டு விழும் நாளும் உண்டு. அந்தக் கட்டத்துக்கு மேலே, பக்கம் முழுக்க, நட்சத்திரங்களுக்கு நடுவே குதிரை ஓடியிருக்கும். காளான்கள் காடாக வளர்ந்து முறிந்து விழுந்திருக்கும். பனிக்கட்டியில் மாளிகை எழுந்திருக்கும். அத்தனையும் பார்த்து முடித்தபின் என் கண் போய் நிற்பது அந்தச் சின்னக் கட்டத்தில்தான்.

வின்சர் மெக்கே வரைந்த 'லிட்டில் நெமோ இன் ஸ்லம்பர்லேண்ட்' 1905 அக்டோபர் 15 அன்று 'நியூயார்க் ஹெரால்ட்' நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் தொடங்கியது. கிராஃபிக் நாவல் என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை. ஆனால் கனவு, குழந்தை, தான் யார் என்ற குழப்பம் மூன்றையும் சேர்த்துப் பின்னாளில் படக்கதை வரைந்த எவரும் ஏதோ ஒரு வழியில் மெக்கேயின் கட்டிலிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்றே நினைக்கிறேன். சிறுவர் படக்கதை ஓவியர் மாரிஸ் சென்டாக் 1970இல் 'இன் த நைட் கிச்சன்' வரைந்தபோது அந்தக் கடனை மறைக்கவே இல்லை.

கதை எளிது. கனவு ராஜ்ஜியத்தை ஆளும் மார்ஃபியஸ் தன் மகளுக்கு விளையாட்டுத் துணையாக நெமோவை அழைத்துவர ஆள் அனுப்புகிறார். நெமோ போய்ச் சேருவதற்குள் விழித்துவிடுகிறான். அடுத்த ஞாயிறு மறுபடியும் புறப்படுகிறான். வாரத்துக்கு ஒரு இரவு, ஒரு இரவுக்கு ஒரு பக்கம். இளவரசி முன்னால் போய் நிற்கவே பல மாதம் ஆகிறது. நடுவில் ஃப்ளிப் என்றொருவன் வருகிறான். பச்சை முகம், வாயில் சுருட்டு, தொப்பியில் 'விழித்துக்கொள்' என்று எழுதியிருக்கும். அவன் நினைத்தால் விடியலைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுவான். நம் வீடுகளில் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். நெமோவுக்கு அந்த விடியல்தான் எதிரி. பகைவனாக வந்த ஃப்ளிப், போகப் போக அவனைப் பிரிய முடியாத கூட்டாளி ஆகிவிடுகிறான்.

எங்கள் வீட்டில் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். ஓரத்தில் பாட்டி. எனக்கு அடிக்கடி வந்த ஒரு கனவில் எங்கள் ஊர்த் தேர், வடம் பிடிக்க ஆளில்லாமல், தானாகவே நிலையைவிட்டுக் கிளம்பும். மாடவீதி சுற்றாமல் எங்கள் சந்துக்குள் திரும்பும். ஒரு மாட்டுவண்டி நுழைந்தாலே அடைத்துக்கொள்ளும் சந்து அது. கனவில் வீடுகள் ஒதுங்கி நின்று வழிவிடும். நான் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பேன். சில இரவு நானே தேராக இருப்பேன். மரச்சக்கரம் உருளுவது என் முழங்காலில் தெரியும். ஊரெல்லை தாண்டி, ஆற்று மணலும் தாண்டிப் போகும்போது பயம் பிடித்துக்கொள்ளும், கத்துவேன். அப்போது நெற்றியில் ஒரு விரல் வந்து திருநீறு பூசும். "ஒண்ணுமில்ல பட்டு, எல்லாரும் இங்கதான் இருக்கோம். படு." காலையில் அத்தை காப்பி ஆற்றிக்கொண்டே கேட்பாள்: "ராத்திரி எங்க போன?" போய்வந்த ஊரைப் பற்றிக் கேட்பது போலவேதான் கேட்பாள். நான் சொல்லுவேன். அவள் நடு நடுவே சந்தேகமும் கேட்பாள்.

அந்தத் தேர் எங்கேயும் போய்விடவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு தட்டும் தெரிகிறது. கை நழுவிப் போனது பாட்டியின் விரலும் அத்தையின் கேள்வியும். கூப்பிட ஆள் இருக்கிறது என்ற நிச்சயத்தில்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்பது நெமோவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்று கனவு கலைந்து நடு ராத்திரியில் எழுந்தால் கைப்பேசி வெளிச்சத்தில் மணி பார்க்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததாலேயே காலைக்குள் அது மறந்தும் போகிறது. பெரியவர்களின் கனவுகள் மெலிந்து போவதற்கு வயதைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

1908 ஜூலை 26இல் வந்த பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்கேயின் பக்கங்களிலேயே புகழ்பெற்றது அது. கட்டிலின் கால்கள் மெல்ல நீளத் தொடங்குகின்றன. கட்டில் எழுந்து நடக்கிறது, தெருவில் இறங்குகிறது, கூரைகளைத் தாண்டிப் பாய்கிறது. கால்கள் நீள நீளக் கட்டங்களும் நீளுகின்றன. அதாவது கதைக்குள் நடப்பது கதையின் சட்டத்துக்கும் நடக்கிறது. கடைசியில் தேவாலயக் கோபுரத்தில் கால் இடறிக் கட்டில் கவிழ்கிறது. சட்டம் என்பது அசையாத வேலி என்று மற்றவர்கள் நினைத்திருந்த காலத்தில், கனவு காண்பவனின் உடம்போடு சேர்ந்து அது வளரவும் சுருங்கவும் முடியும் என்று இந்த மனிதர் ஞாயிறுதோறும் காட்டிக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வயிற்றில் ஒரு கூச்சம் வருகிறது. தேர் சந்துக்குள் திரும்பும்போது வந்த அதே கூச்சம்.

அளவும் ஒரு காரணம். அன்றைய ஹெரால்ட் பக்கம் ஏறத்தாழ 16 அங்குல அகலம், 21 அங்குல உயரம். மேசையில் வைத்துப் படிக்கிற அளவு இல்லை, தரையில் விரித்து மேலே கவிழ்ந்து படுத்துப் பார்க்கிற அளவு. 2005இல் பீட்டர் மரெஸ்கா அதே அளவில் தேர்ந்தெடுத்த பக்கங்களைப் புத்தகமாக்கினார். நண்பர் வீட்டில் அதைத் திறக்க நாற்காலிகளை ஒதுக்க வேண்டியிருந்தது. அவருடைய மகளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாத வயது. அவள் பக்கத்தின் மேலேயே படுத்து, முழங்கையால் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மெக்கே பலூன்களில் வசனத்தை நெருக்கி அடைத்திருப்பார். வாசிக்கக் கண் வலிக்கும், வசனமும் சுவையாக இராது. படம் தானே எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் மிச்ச இடத்தில் எழுத்தைத் திணித்தவர் அவர். எழுத்து தெரிவதற்கு முன்பு நாம் எல்லோரும் வாசித்த முறைக்கு இது நெருக்கமானது.

ஏங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத இடமும் இதில் இருக்கிறது. இம்ப் என்ற கறுப்பினச் சிறுவனை மெக்கே வரைந்திருக்கும் விதம் மனதைப் புண்படுத்துவது. புல் பாவாடையும் தடித்த உதடும் புரியாத உளறலுமாக, அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளையரின் ஏளனம் அப்படியே அதில் படிந்திருக்கிறது. மார்ஃபியஸின் நாட்டுக்குள் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாசல் திறக்கவில்லை. அதே கைதான் 1908இல் நெமோவை ஒரு சேரிக்குள் அனுப்பி, அவன் கையில் மந்திரக்கோல் கொடுத்து, இடிந்த குடிசைகளைத் தோட்டமும் மாளிகையுமாக மாற்றவும், நோயில் கிடந்த ஒரு சிறுமியை எழுந்து நடக்கவும் வைத்தது. இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்.

குழந்தை தன்னை யாரென்று நினைத்துக்கொள்கிறது என்பதில் மெக்கேக்குத் தீராத பிடிப்பு இருந்தது. குழப்ப மண்டபம் என்று ஒரு நீண்ட பகுதியில் நெமோவும் கூட்டாளிகளும் நீண்டும் குட்டையாகியும் தங்களையே அடையாளம் தெரியாமல் நிற்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் காலத்தின் கிடங்குக்குள் நுழையும் நெமோ, சில கட்டங்களுக்குள் தொண்டு கிழவன் ஆகிவிடுகிறான். மெக்கே மேடையிலும் இதையே செய்தார். 1906 முதல் அவர் வாடெவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் கரும்பலகையில் சாக்கட்டியால் படம் வரைந்து காட்டினார்: ஓர் ஆண் முகம், ஒரு பெண் முகம், கைக்குழந்தையிலிருந்து கிழப்பருவம் வரை பார்வையாளர் கண்முன்னே மூப்படையும். 1911இல் ஏறத்தாழ 4,000 படங்கள் வரைந்து நெமோவைத் திரையில் அசைய வைத்தார். காகிதத்தில் வயதே ஏறாத பையனை உருவாக்கியவர், பலகையில் எல்லோரையும் முதுமைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவருடைய வீடு புரூக்ளினின் ஷீப்ஸ்ஹெட் பேயில், கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1903இல் லூனா பார்க் திறந்தது, 1904இல் டிரீம்லேண்ட். இரவில் லட்சக்கணக்கான மின்விளக்குகளில் எரிந்த அந்தக் கோபுரங்களைப் பார்த்தவருக்கு மார்ஃபியஸின் அரண்மனையை வரைய வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்திருக்காது. 1911 மே மாதம் டிரீம்லேண்ட் தீயில் முழுதாக அழிந்தது. அந்த ஜூலையோடு ஹெரால்டில் நெமோவும் நின்றான். மெக்கே பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் நாளிதழுக்கு மாறி இன்னும் மூன்று வருஷம் வேறு தலைப்பில் வரைந்தார். பிறகு தலையங்கப் படங்களை மட்டும் வரையும்படி முதலாளி கட்டிப்போட்டுவிட்டார். 1920களின் நடுவில் 'ஹெரால்ட் டிரிப்யூன்' நாளிதழில் மறுபடி முயன்றார். பழைய வரவேற்பு இல்லை. 1934இல் இறந்தார்.

இந்தக் கதையில் என்னை உலுக்குகிறவர் மெக்கேயின் மகன். நெமோவின் முகம் ராபர்ட்டின் முகம். தொடர் தொடங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. நியூயார்க் முழுக்கத் தெரிந்த ஒரு சிறுவனின் முகத்தோடு அவன் பள்ளிக்கூடம் போனான், வளர்ந்தான், தானும் ஓவியனானான். அப்பா இறந்து மூன்றாம் வருஷம், 1937இல், நெமோவை மறுபடி கொண்டுவர முயன்றார். கையெழுத்து 'வின்சர் மெக்கே ஜூனியர்'. அத்தோடு வளர்ந்த நெமோவையும் வளர்ந்த இளவரசியையும் வைத்து ஒரு காமிக்ஸும் வரைந்தார். இரண்டும் நீடிக்கவில்லை. 1947இல் அப்பாவின் மூலப்படங்களையே எடுத்து, அன்றைய செய்தித்தாளின் குறுகிய இடத்துக்குள் அடங்கும்படி மாற்றி வெளியிட முனைந்தார். அதுவும் நின்றுபோனது. அப்போது அவருக்கு ஐம்பதைத் தொட்ட வயது.

பரம்பரைச் சொத்தை விற்கப் பார்த்து முடியாமல் போன மகன் என்று இதை வாசித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இருந்த இரண்டு பெயரும் அப்பா தந்தவை. பிறந்தபோது வைத்தது ஒன்று, காகிதத்தில் வைத்தது இன்னொன்று. இரண்டாவது பெயரால் அவரைக் கூப்பிட்ட முதல் ஆள் போய்விட்டபின், அந்தச் சிறுவன் இன்னும் இருக்கிறான் என்பதற்கு ராபர்ட்டிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கங்கள். அவற்றைச் சிறிதாக்கியாவது ஊர் கண்ணில் மறுபடி காட்ட நினைத்ததில் எனக்குத் தெரிவது, தன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்ற தவிப்பு.

பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. அத்தையும் இல்லை. தேர் ஓடுகிறது; நிலைக்கு வந்து நிற்கும்வரை கூட்டம் கூடுகிறது; ஊருக்குப் போனால் நானும் வடத்தைத் தொட்டுக் கும்பிடுகிறேன். அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர், பிள்ளைகளுக்கு வேறொரு பெயர், ரேஷன் அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன், பதில் சொல்கிறேன். பட்டு என்று யாராவது கூப்பிட்டால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன்.