புதன்கிழமைக் கோழி

வாரநாளில் கறி எடுப்பது என்றால் எங்கள் தாம்பரம் பக்கத்தில் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாலான வீடுகளில் ஆகாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. வியாழக்கிழமை சாய்பாபாவுக்கு என்று இப்போது பல வீடுகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை ஞாயிற்றுக்கிழமைக் குழம்பே மிச்சம் இருக்கும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி முழுக்க என்று எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது புதன்கிழமை ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, தவக்காலத்து 40 நாள் மட்டும். ஆனால் புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கிற அலுப்பு எல்லா மதத்துக்கும் ஒன்றுதான்.

அந்த ஏழு மணி எப்படி வருகிறது என்று இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓ.எம்.ஆரில் வேலை முடித்துவிட்டுச் சோழிங்கநல்லூர், மேடவாக்கம், செம்பாக்கம், கேம்ப் ரோடு என்று ஒவ்வொரு சிக்னலாக ஊர்ந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். கிண்டியில் ஏறி நின்றுகொண்டே தாம்பரம் வந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து ஷேர் ஆட்டோ பிடிக்கிற பெண்கள் இன்னொரு பக்கம். வீட்டில் இரண்டாம் வகுப்பு ஒன்று, யூ.கே.ஜி. ஒன்று. ஏழு மணிக்குப் பசி, எட்டரைக்குத் தூக்கம். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் ஹோம்வொர்க்கும் உண்டு.

இந்த நேரத்துக்கு எல்லாரும் சொல்கிற பதில் தோசை. மாவு பாக்கெட் தெருமுனையில் கிடைக்கிறது, சட்னி அரைத்தால் ஆயிற்று, சுலபம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தோசை சுடுகிறவருக்கு அது சுலபம் இல்லை. ஆளுக்கு மூன்று என்று நாலு பேருக்குச் சுட்டு முடிக்கும் வரை ஒருவர் கல்லின் முன்னால் நின்றாக வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, கடைசியில் பிய்ந்துபோன தோசையை அவர் நின்றுகொண்டே தின்பார். சப்பாத்தி இன்னும் மோசம், தேய்க்க ஒரு ஆள், சுட ஒரு ஆள். பகல் முழுக்க அம்மாவைப் பார்க்காத பிள்ளை, சாப்பிடும்போதும் அவள் முதுகைத்தான் பார்க்கிறது.

அதனால் ஒரு சமையல் சுலபமா என்று கேட்டால், எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்று நான் பார்ப்பதில்லை. சமைத்தவர் பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து, சூடாக, முழுதாகச் சாப்பிட முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். இந்தக் கணக்கில் தோசை தோற்றுவிடும், குக்கரில் வைக்கிற கோழிச் சோறு ஜெயித்துவிடும்.

எங்கள் காலத்தில் இதற்கு வழியே இருக்கவில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் 1931-லேயே வந்துவிட்டது. 2004-ல் நின்றுபோகும் வரை அந்த மீட்டர்கேஜ் வண்டியில் பாரிமுனைக்கு வேலைக்குப் போய் வந்த பெண்களில் நானும் ஒருத்தி. பெண்கள் பெட்டியில் கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள், பீன்ஸ்கூட நறுக்குவார்கள். கோழி மட்டும் யார் பேச்சிலும் வராது. கோழி என்றால் நாட்டுக்கோழி. உயிரோடு வாங்கி, அறுத்து, இறகு பறித்து, வாட்டி, மஞ்சள் தடவி, அம்மியில் மசாலா அரைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். அது விருந்தாளி வருகிற நாளின் சமையல். அம்மியில் அரைத்த குழம்பின் ருசியைப் பற்றி உருகிப் பேசுகிற தாத்தாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அம்மி அரைத்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

கணக்கை மாற்றியது பிராய்லர்தான். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஒப்பந்தப் பண்ணை முறை 1990-களில் பரவிய பிறகு கோழிக்கறி அன்றாடப் பொருளாகிவிட்டது. இன்றைக்கும் கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில் இருக்கிற கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழுதான் அறிவிக்கிறது. நம் தெருக் கடைப் பலகையில் சாக்பீஸால் அழித்து எழுதுகிற விலை அங்கிருந்து புறப்பட்டு வருவதுதான். புரட்டாசியில் அது இறங்கும், பிறகு ஏறும்.

பிராய்லர் என்றதும் என் வயதுக்காரர்கள் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஆரம்பிப்பார்கள். சுமார் 40 நாளில் இரண்டு கிலோ வருகிறதே, அது எப்படி என்பார்கள். பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனமும் அந்த எடையைக் கொடுக்கின்றன. பல்லாயிரம் கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஹார்மோன் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. கவலைப்படத்தான் வேண்டும் என்றால் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றிக் கவலைப்படலாம். கோலிஸ்டின் என்ற மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை போட்டது அதனால்தான். நாட்டுக்கோழி ருசியில் உசத்தி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு விசில் வைத்தாலும் சின்னப் பிள்ளையின் பல்லுக்குப் பிடி கொடுக்காது. அது ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், காலையில் பத்து நிமிடம், இரவில் அரை மணி. காலை நடைக்குப் போகிறவர் திரும்பும்போது கறிக்கடையில் அரைக் கிலோ வாங்கிவரட்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட் வரை போக வேண்டும் என்றில்லை, சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. தோலுரித்து, சின்னப் பீஸாகக் கறி கட் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அதில் கால் கிலோவைத் தொடைக்கறி போன்லெஸ்ஸாகக் கேளுங்கள். நெஞ்சுக்கறி குக்கரில் சக்கையாகிவிடும், தொடை ஆகாது. கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். தொட்டால் பிசுபிசுக்கிற கறி, நாற்றம் வருகிற கறி எந்த விலைக்கும் வேண்டாம்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குழாயைத் திருகி அதன் கீழே கறியைப் பிடித்துக் கழுவுகிற பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. தண்ணீர் தெறிக்கும்போது பச்சைக் கறியில் இருக்கிற கிருமியும் சேர்ந்து தெறித்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளரில் உட்கார்ந்துகொள்ளும். கழுவுவதால் கிருமி சாகாது, வெந்தால்தான் சாகும். கறியின் உள்சூடு 74 டிகிரி வந்தால் போதும், குக்கரின் ஆவி 120 டிகிரியைத் தொடும். அதனால் கழுவவே வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். மனசு கேட்காதவர்கள் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் மஞ்சளும் போட்டு மெதுவாக அலசி வடித்துவிட்டு, சிங்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கறி பட்ட கத்தியால் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது.

கறியில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைக் கப் தயிர். பிசறி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மேல்தட்டில் வைத்துக் கசிந்தால் கீழே இருக்கிற பால், பழம் எல்லாம் பாழ். தயிரில் பகல் முழுக்க ஊறின கறி இரவில் பூப்போல வெந்துவிடும். அரைத்த மசாலா இல்லை, கடைத் தூள்தான். அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இரவு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை இரண்டு டம்ளர் சீரகச் சம்பாவைக் களைந்து ஊறப்போடுவது. பிறகு கை கால் கழுவி, உடை மாற்றி, ஒரு வாய் காப்பி குடிக்கலாம். இருபது நிமிடம் அதற்குத்தான். ஐந்து லிட்டர் குக்கரில் எண்ணெயும் ஒரு கரண்டி நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை. இரண்டு வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டும், இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தக்காளி இரண்டு, ஒரு கைப்பிடி புதினா, கொத்தமல்லி. ஊறின கறியைப் போட்டு நாலைந்து நிமிடம் பிரட்டினால் அதுவே தண்ணீர் விடும். கேரட், பட்டாணி ஒரு கப் போட்டால் பொரியல் என்ற தனி வேலை ஒழிந்தது. அரிசியை வடித்துப் போட்டு, டம்ளருக்கு ஒன்றரை என்ற கணக்கில் மூன்று டம்ளர் ஊற்றுங்கள், அதில் ஒரு டம்ளர் தேங்காய்ப்பாலாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கறி நிறையத் தண்ணீர் விட்டிருந்தால் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளலாம். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கி வெளியேற்ற வேண்டாம்.

ஆவி அடங்குகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் இந்தச் சமையலையே நான் சிபாரிசு செய்கிறேன். அடுப்பு அணைந்துவிட்டது, செய்ய ஒன்றும் இல்லை. யூ.கே.ஜி. தட்டு எடுத்து வைக்கலாம். இரண்டாம் வகுப்பு தண்ணீர் ஊற்றி வைக்கலாம். அப்பா வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி கலக்கலாம், அதற்குப் பெரிய கலை ஒன்றும் தேவையில்லை. குக்கரைத் திறந்தால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பரிமாறிவிட்டு, எல்லாரும் உட்காரலாம்.

காரம் பெரியவர்களின் பிரச்சினை, அதைப் பாத்திரத்தில் போடாதீர்கள். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்த ஒரு டப்பா மேசையில் இருக்கட்டும், வேண்டியவர்கள் தங்கள் தட்டில் தூவிக்கொள்ளட்டும். சின்னதுக்குப் பரிமாறும்போது கறியை விரலால் பிய்த்து, எலும்புச் சில்லு இல்லை என்று தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும். கிராம்பையும் பட்டையையும் அப்போதே பொறுக்கிவிடுங்கள். இன்னும் ஒரு பீஸ் என்று வாயில் திணிப்பதும் வேண்டாம். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 கிராம் புரதம் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. வெந்த கோழிக்கறி 50 கிராமில் 12 கிராமுக்கு மேலேயே கிடைக்கும். காலையில் குடித்த பாலும் மத்தியானத்துப் பருப்பும் இருக்கவே இருக்கின்றன. பிள்ளை இரண்டு துண்டோடு போதும் என்றால் அது சரியாகத்தான் சொல்கிறது.

இதற்கெல்லாம் பெரிய இடைஞ்சல் யார் என்றால் நாங்கள்தான், வீட்டில் இருக்கிற பெரியவர்கள். குக்கரைத் திறந்ததும் "ரசம் இல்லையாம்மா?" என்று ஒரு கேள்வி எழும். கேட்கிறவருக்கு அது இரண்டு வார்த்தை. கேட்கப்பட்ட மருமகள் எழுந்து போய்ப் புளி கரைப்பாள், "நீங்க சாப்பிடுங்க அத்தை, ரெண்டு நிமிஷம்" என்பாள். அந்த இரண்டு நிமிடம் இருபது நிமிடம். அவள் தட்டு ஆறிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் எழுந்துவிடும். என் வயதுக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், புதன்கிழமை ரசம் கேட்காதீர்கள். ஜீரணம் ஆகாது என்றால் மோர் இருக்கிறது. வாரத்தில் மற்ற ஆறு நாளும் ரசம் இருக்கிறது.

செயலியில் பிரியாணி வரவழைப்பதை நான் திட்டுவதில்லை. ஜி.எஸ்.டி. சாலை மழையில் முழங்கால் தண்ணீரோடு நிற்கிற நாளில் அதுவும் ஒரு வழிதான். ஆனால் அதில் காரத்தைக் குறைக்க நம் கையில் ஒன்றும் இல்லை. பிள்ளை தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுத் தூங்கப் போகும்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கறிச்சோறு காலை வரை மேடையில் தாங்காது. மறுநாள் டிபன் பாக்ஸில் கட்டுவதற்கு முன் பள்ளியில் அசைவம் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில பள்ளிகளில் இல்லை. சமைக்காமல் சாப்பிட்டவர் யாரோ அவர் பாத்திரம் தேய்க்கட்டும். குக்கர் அடியில் ஒட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் தேய்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. கேஸ்கெட்டை மட்டும் கழற்றி அன்றைக்கே எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் காயப்போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சாம்பாரில் கோழி மணக்கும், அதற்கு வீட்டில் தனியாக ஒரு பஞ்சாயத்து நடக்கும்.