கைக்கு எட்டும் உயரம்

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காலியாகக் கிடந்த வகுப்பறை ஒன்றை அங்கே நூலகமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து செலவை ஏற்றிருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தபோது, தச்சர் ஒன்றாம் வகுப்புச் சிறுமியைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தார். "கையை நீட்டு பாப்பா. எக்காம நீட்டு." அவள் விரல் தொட்ட இடத்தில் பென்சில் கோடு விழுந்தது. மேல்தட்டு அந்தக் கோட்டைத் தாண்டாது என்றார் தலைமை ஆசிரியை.

ஆறு வயதுக் குழந்தை ஏறத்தாழ 3¾ அடி உயரம் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் 4½ அடி. நம் பள்ளிகளில் புத்தகம் வைக்கிற இரும்பு பீரோவோ 6½ அடி. அதன் மேல்தட்டுகள் பெரியவர்களுக்கு மட்டுமே.

இங்கே ஆசிரியர்கள் இருவர்தான், நூலகர் கிடையாது. ஆள் நிற்காமலே நடக்கும்படி அறை அமைய வேண்டும் என்பதிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறந்தன. அலமாரிகள் சுவரோரம். நடுவில் ஜமுக்காளம் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிற டீச்சர் திரும்பினால் கதவு வழியாக அறை முழுக்கத் தெரியும். சக்கர நாற்காலி நுழையும்படி வழியெங்கும் 3 அடி விட்டிருக்கிறார்கள். படித்து முடித்த புத்தகத்தைப் போட வாசலருகே ஒரு கூடை. பள்ளி விடும் நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்து அடுக்கிவிடுவார்கள்.

அதிக நேரம் பேச்சு நடந்தது அலமாரியின் சாய்வைப் பற்றித்தான். தமிழில் சிறுவர் நூல்கள் பல மெலிந்தவை. நடுவில் பின் அடித்து மடித்தவை. அவற்றுக்கு முதுகே இல்லை. பெரியவர்கள் புத்தகம்போல வரிசையாக நிறுத்தினால் தாள் விளிம்பு மட்டும்தான் தெரியும். உள்ளே யானை இருக்கிறதா, ரயில் இருக்கிறதா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? எழுத்துக்கூட்டவே தடுமாறுகிற பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே அட்டை முன்னால் தெரியும்படி சாய்வுத் தட்டு வேண்டும்.

"ரொம்ப நிமிர்த்தினா முன்னாடி கவுந்துடும் டீச்சர். ரொம்பச் சாய்ச்சா எடத்தை அடைச்சுக்கும்" என்றார் தச்சர். துண்டுப் பலகையில் ஒன்றரை அங்குல ரீப்பரைத் தடுப்பாக அடித்து, ஒரு கதைப் புத்தகத்தை வைத்துவைத்துப் பார்த்தார். அடைமழைக் காலத்தில் மெல்லிய தாள் சுருண்டு மடங்கும் என்பதால், பின்னால் முழுப் பலகை வைப்பது என்று முடிவானது. தட்டுக்கு முக்கால் அங்குல பிளைவுட். 3 அடிக்கு மேல் நீளம் போனால் பாரத்தில் நடுவே தொய்யும் என்று, அங்கங்கே ஒரு தாங்கல் கொடுத்தார். முனைகளை இழைத்து, உப்புத்தாள் போட்டு, குழந்தையின் நெற்றி படுகிற உயரத்தில் தம் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். அந்தக் கவனம் எந்த வரைபடத்திலும் வராது.

எல்லாப் புத்தகத்தையும் முகம் காட்டி வைக்க இடம் போதாது. மிச்சத்தைக் கீழே திறந்த தொட்டிகளில் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றி வைக்கப்போகிறார்கள். டெல்டாச் சுவரில் ஓதம் ஏறும், கரையானும் உண்டு. அதற்காகச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரைக்கு மேலே கால் வைத்து அலமாரியை நிறுத்துகிறார்கள். மேற்கு ஜன்னலின் வெயில் அட்டையை வெளுக்கச் செய்யும்; அந்தப் பக்கம் புத்தகமே இல்லை.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் வருகின்றன. படிக்கு ஓர் அலமாரி என்பதுதான் முதல் யோசனை. இளைய ஆசிரியை மறுத்தார். திக்கித் திக்கிப் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பையன், எல்லோரும் பார்க்க 'நுழை' அலமாரிக்குப் போகமாட்டான். அவர் சொன்னதே சரி. ஆகவே நான்கு படிப் புத்தகங்களும் விலங்கு, பயணம், விளையாட்டு என்று பொருள்வாரியாகக் கலந்து நிற்கப்போகின்றன. படியைக் காட்டும் வண்ணப் பொட்டு பின்னட்டையில் மட்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது அவர் மேசை, நாற்காலி, அலமாரி பற்றியும் எழுதுகிறார். வெறுந்தரையில் நிற்பவர் கைக்கு எட்டாத உயரம் அலமாரிக்கு ஆகாது என்கிறார். அதே 1931இல்தான் இந்த மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது. அந்த மண்ணிலும் பள்ளிப் புத்தகம் பூட்டுக்குள் கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு புத்தகம் காணாமல் போனால் இருப்புப் பதிவேட்டின் முன் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அந்த அச்சத்தைத் தாண்டித்தான் இந்த இருவரும் கதவில்லாத அலமாரிக்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

நீங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், தயவுசெய்து பூட்டு வைத்த பீரோவை வாங்கிக் கொடுக்காதீர்கள். உள்ளூர்த் தச்சரை அழைத்துப் போய், அந்தப் பள்ளியின் ஆசிரியர்களோடு உட்காரவைத்துப் பேசுங்கள். கிழிந்துபோகும் புத்தகங்களுக்கு மாற்றுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதாக அவர்களுக்கு வாக்கும் கொடுங்கள்.