தனியாக ஜவ்வாது மலைக்கு காரில் போறீங்களா?

நெமிலியிலிருந்து பனப்பாக்கம் வழியாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், வாணியம்பாடி வரை பெரிய கவலை இல்லை. பெட்ரோல் பங்க், டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் வழிநெடுக இருக்கின்றன. வண்டி நின்றுபோனால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால், நெடுஞ்சாலையை விட்டு ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எல்லாமே மாறிவிடுகிறது. வீடுகள் குறைகின்றன, செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது.

வழியில் வருகிறது காவலூர். ஊர் வெளிச்சம் எட்டாத இருண்ட வானம் இருப்பதால்தான் 1968-ல் இங்கே விண்வெளி ஆய்வு தொடங்கியது. 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் வந்தது. நட்சத்திரம் பார்க்க வசதியான அதே இருட்டுதான், தனியாகக் கார் ஓட்டுபவருக்கு ஆபத்து. அதனால் ஜமுனாமரத்தூர், பீமன் நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுவது நல்லது.

மலைச்சாலை தவறை மன்னிக்காது. 2022 ஏப்ரல் 2-ம் தேதி, இதே மலையின் திருப்பத்தூர் பக்கம், கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். அந்த வேனில் கூட்டம் இருந்தது. தனியாகப் போகும் கார் கவிழ்ந்தால், விஷயம் வெளியே தெரியவே நேரமாகும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. வளைவுகளில் ஹாரன் அடியுங்கள். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஆம்பூரில் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டிருந்தால், அரை மணி நேரம் கண் அயர்ந்துவிட்டே ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, டார்ச், ஐந்து லிட்டர் தண்ணீர், கொஞ்சம் சில்லறைப் பணம் ஆகியவை அவசியம். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112-க்கு அழைப்பு போகும்.

பல நூறு கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் தனியாகப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி நின்றால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு மனிதரைவிடக் கார் சீக்கிரம் கண்ணில் படும்.

நம் மலைக்கும் இது பொருந்தும். நெமிலியில் கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்: “ஆலங்காயம் வழியாகப் போறேன். ஆறு மணிக்குள்ள கீழே இறங்கி போன் பண்ணுவேன். ஏழு மணி வரைக்கும் பண்ணலைன்னா போலீஸுக்குச் சொல்லிடுங்க.” இறங்கியதும் மறக்காமல் அந்த போனைச் செய்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.