பிழையான விடைக்கும் ஒரு வாக்கு

ஜூன் 3, 2025, செவ்வாய்

"வெளங்குச்சா?" என்று கேட்டால் என் தரம் 10 கணித வகுப்பு ஒரே குரலில் "வெளங்குச்சு சேர்" என்கிறது. அந்தக் குரல் முன் இரண்டு வாங்குகளின் குரல். கை உயர்த்தச் சொன்னாலும் இதே கதைதான். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பிள்ளையின் கை எழும்வரை மற்றக் கைகள் மேசையிலேயே கிடக்கும். அவள் கை எழுந்ததும் வகுப்பே எழும். நாற்பது நிமிடப் பாடவேளையின் முடிவில் எனக்குத் தெரிவது ஒருத்தியின் விடை மட்டும்.

வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வைக்கச் செயலிகள் நிறைய வந்துவிட்டன. நோர்வேயில் பிறந்த கஹூட், சுவீடனின் மென்டிமீட்டர் என்று பட்டியல் நீளும். இரண்டுக்கும் பிள்ளைக்கொரு போன் வேண்டும், போனுக்கு இணையம் வேண்டும். மாணவர் பாடசாலைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. கொண்டுவரலாம் என்றாலும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போனை வீடே பங்குபோட்டுக்கொள்கிறது. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, எங்கள் ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழி நடந்து, பாறை உச்சியில் ஏறி, சிக்னல் பிடித்துப் படித்த செய்தி உலகமெங்கும் போனது. இந்த மாகாணத்தில் கருவி தேடுகிறவன் முதலில் அந்தப் பாறையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பாடசாலை விட்டதும் ஹாலிஎல டவுனில் இறங்கி நான்கு நிறங்களில் பிரிஸ்டல் போட் வாங்கினேன். பிள்ளைக்கு நான்கு அட்டை. ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என்று தடித்த எழுத்தில் இலக்கம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் பையன் எந்த வகுப்பிலும் இருக்கலாம், அவனும் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டான். அட்டையின் பின்புறத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினேன். பின்வாங்குக்கு முன்வாங்கின் விடை தெரியக் கூடாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றி 1998இல் பால் பிளாக்குடன் சேர்ந்து எழுதிய பிரித்தானியக் கல்வியாளர் டிலன் வில்லியம், இப்படியான அட்டைகளையும் சிறு வெண்பலகைகளையும் வெகுகாலமாகப் பரிந்துரைத்து வருகிறார். எல்லாப் பிள்ளைகளும், ஒரே கணத்தில், ஒளிய இடமில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஜூன் 5, வியாழன்

முதல் கேள்வி: "சதுரமான மரக்கறிப் பாத்தி ஒன்றின் பக்க நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு எத்தனை மடங்காகும்?"

விடைகள்: 1) இரண்டு, 2) நான்கு, 3) எட்டு, 4) பாத்தியின் அளவு தெரியாமல் சொல்ல முடியாது.

கேள்வி எழுத ஐந்து நிமிடம் போனது. பிழையான விடைகளைத் தேடத்தான் மாலை முழுவதும் போனது. வாய்க்கு வந்த மூன்று எண்களை எழுதிவிடலாம். அப்படி எழுதினால், பிழைவிட்ட பிள்ளை எங்கே சறுக்கினாள் என்பது தெரியாது. இரண்டு என்பவள் நீளம் போலவே பரப்பும் வளரும் என்று நம்புகிறாள். எட்டு என்பவனின் தலையில் கனவளவு கலந்திருக்கிறது. நான்காவது அட்டையைத் தூக்குகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு ஆவல். எண்ணைக் கையில் கொடுக்காவிட்டால் கணக்கே இல்லை என்று நினைக்கும் பிள்ளைகள் அவர்கள்.

ஒரு நிமிடம் பேச்சில்லை. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். தூக்கினார்கள். சுவர் முழுக்க நிறம். பெரும்பகுதி முதலாம் அட்டை. நான்காம் அட்டையும் நான் நினைத்ததைவிட அதிகம். வழக்கமாக எல்லோரும் பார்த்துக் கை தூக்கும் அந்தக் கெட்டிக்காரியின் கையிலும் முதலாம் அட்டைதான்.

விடையைச் சொல்லவில்லை. சதுரம் கீறி, உங்களுக்குப் பிடித்த அளவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்றேன். மூன்று போட்டவனுக்கும் ஐந்து போட்டவளுக்கும் நான்கு மடங்குதான் வந்தது. "அளவு தேவையே இல்ல சேர்" என்று நான்காம் அட்டைக்காரன் ஒருவனே சொன்னான். பாடம் அங்கே முடிந்தது.

ஜூன் 9, திங்கள்

நாளை பொசன் போயா. ஆசிரியர் அறையில் கொஞ்சம் ஓய்வான பேச்சு. விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் கேட்டார்: "சேர், எங்க பாடத்துக்கு நாப்பது பல்தேர்வு வினா வருது, நாங்க இதைச் செஞ்சா அர்த்தம் இருக்கு. சாதாரண தரக் கணக்குப் பேப்பர்ல பல்தேர்வே இல்லையே? பிள்ளைகள் செய்கை எழுதத்தானே பழகணும்?"

நியாயமான கேள்வி. கணிதத்தின் முதலாம் பத்திரத்தில் பகுதி அவில் 25 சிறு வினாக்கள், பகுதி ஆவில் 5 கட்டமைப்பு வினாக்கள். இரண்டாம் பத்திரம் முழுக்க விரித்தெழுதுவது. பிள்ளை எந்த இடத்திலும் நான்கில் ஒன்றைத் தெரிவு செய்யப்போவதில்லை. அதனால்தான் எனக்கு இது வசதி. இந்த அட்டைகளைப் பரீட்சை ஒத்திகை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புள்ளி கிடையாது, திருத்தம் கிடையாது, பதிவேடு கிடையாது. அட்டை எனக்குச் செய்தி சொல்வதற்கு: இந்தக் கணத்தில் வகுப்பு எங்கே நிற்கிறது என்று. கொப்பிகளைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினாலும் அதே செய்தி வரும். மூன்று நாள் கழித்து வரும், அதற்குள் நான் அடுத்த அலகுக்குப் போயிருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

சதவீதம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சதவீதம் புத்தகத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது, நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது எல்லாம் அம்மாமார் இரவில் பேசும் கணக்கு. கேள்வியையும் அங்கேயே எடுத்தேன். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. கூடியது 35 சதவீதம். "ஒரு பேச்சுக்கு, 1350இலிருந்து திரும்ப ஆயிரத்துக்குக் குறைத்தால், எத்தனை சதவீதக் குறைப்பு?"

விடைகள்: 1) 35, 2) ஏறத்தாழ 26, 3) 65, 4) ஏறத்தாழ 74.

வகுப்பு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. பாதிக்குச் சற்று அதிகமானோர் 35. கணிசமானோர் 26. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் செய்துவந்த முறைக்கு ஏற்ற இடம் இது. தன் விரிவுரை மிக நன்றாக இருந்தும் மாணவர் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, அவர் வகுப்பை வாக்கெடுப்பும் கலந்துரையாடலுமாக மாற்றினார். அவர் வழியில் வந்த நடைமுறை விதி எளிது. சரியான விடைக்கு ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் குறைவாக வாக்கு விழுந்தால் திரும்பக் கற்பி. 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போ. இரண்டுக்கும் இடையில் விழுந்தால் நீ வாயை மூடு, பிள்ளைகள் பேசட்டும், பிறகு மீண்டும் வாக்கு எடு.

வாயை மூடினேன். அது எந்த ஆசிரியருக்கும் இலேசான காரியமில்லை. "உன் அட்டையோடு ஒத்துப்போகாத ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரை மாற்றப் பார்" என்பது மட்டும்தான் என் கட்டளை. வகுப்பு இரைந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யன்னலோரம் ஒருத்தி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "1350ல 35 வீதம் எடுத்துப் பாரு, 472 ரூவா அம்பது சதம் வருது. கழிச்சா 877 அம்பதுதான் மிச்சம். ஆயிரம் எங்க?"

இதே விளக்கத்தை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் அது இன்னொரு செய்கையாகக் கொப்பிக்குப் போயிருக்கும். அவள் சொன்னபோது அது எதிராளியின் விடையைச் சரிபார்த்து விழுத்தும் வாதமாக இருந்தது. இரண்டாம் வாக்கெடுப்பில் இரண்டாம் அட்டையே பெரும்பான்மை. 350ஐ எதனால் வகுக்கிறோம் என்பதுதான் கேள்வி என்று கடைசியில் நான் சேர்த்தது ஒரே வரி.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பிளிக்கர்ஸ் என்ற செயலி. போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும் என்பதே இதன் தனிச்சிறப்பு. பிள்ளைகளுக்குத் தருவது கடதாசி அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான குறி ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு குறி. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், நான் போன் கெமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டுவேன். யார் என்ன சொன்னார் என்று திரையில் வந்துவிடும். எழுத்து பொடி, குறி ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பார்த்து அடிக்க வழியில்லை.

அட்டைகளைப் போட்டோ கொப்பி எடுத்தால் போதும். பளபளக்கும் லெமினேட் போடக் கூடாது, யன்னல் வெளிச்சம் தெறித்துக் கெமரா தடுமாறும். கட்டடத்தின் பள்ளத்துப் பக்கம் சிக்னல் வராததால் கதவோரம் நின்று வேலை பார்த்தேன்.

நிற அட்டை தராத ஒன்றை இது தருகிறது: பெயரோடு பதிவு. அதில் கண்டது என்னை யோசிக்க வைத்தது. அதிகம் பேசாத ஒரு பிள்ளை முதல் சுற்றில் சரியாகச் சொல்லி, கலந்துரையாடலுக்குப் பிறகு பிழைக்கு மாறியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் உரத்த குரல்காரி. பெரும்பான்மை சரியான பக்கம் நகர்ந்ததால் நிறச் சுவரில் இது கண்ணில் பட்டிருக்காது.

இனி இரண்டு ஒழுங்குகள். முதல் சுற்று முடிவை வகுப்புக்குக் காட்டுவதில்லை. காட்டினால் இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் கணக்கை விட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டாவது, சுற்று முடிந்ததும் "யார் மாறினீங்க, ஏன்?" என்று கேட்பது. "யார் பிழை?" என்று கேட்பதில்லை. பெயரோடு வரும் பட்டியல் என் போனைத் தாண்டாது. ஒரு பிள்ளையின் பிழையைச் சுவரில் காட்டினால் அடுத்த நாள் அவள் நினைத்ததைச் சொல்ல மாட்டாள், பாதுகாப்பானதைச் சொல்வாள்.

ஜூன் 26, வியாழன்

"பஸ் ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்கு மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறது. அதே பாதையில் 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்குகிறது. போய்வந்த சராசரி வேகம்?" விடைகள்: 1) 25, 2) 24, 3) 50, 4) தூரம் தெரியாமல் சொல்ல முடியாது.

சுவர் முழுக்க முதலாம் அட்டை. இரண்டாம் அட்டை அங்கொன்றும் இங்கொன்றும். இங்கே பேசவிடுவதில் பயனில்லை. பிழையான நம்பிக்கை ஒன்றையொன்று உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். பாதையை 60 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம் என்று பலகைக்குத் திரும்பினேன். ஏற 3 மணித்தியாலம், இறங்க 2. மொத்தம் 120 கிலோமீற்றர், 5 மணித்தியாலம், விடை 24. பஸ் மெதுவாகப் போகும் பாதையில்தான் அதிக நேரம் செலவழிக்கிறது, அதனால் சராசரி மெதுவான பக்கம் சாய்கிறது. பண்டாரவளைப் பாதையில் ஏறி இறங்கியவர்களுக்கு அதை மேலும் விளக்கத் தேவையில்லை. முதல் கேள்வியில் ஏமாந்த நான்காம் அட்டைக்காரர்கள் இந்தமுறை அளவைக் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

விஞ்ஞான டீச்சர் அட்டைக் கட்டை இரவல் கேட்டிருக்கிறார். அட்டையைத் தருவது இலேசு என்று சொன்னேன். நல்ல பிழையான விடைகள் அட்டையோடு சேர்ந்து வருவதில்லை. அவை பழைய கொப்பிகளில் சிவப்புப் பேனா கீறிய இடங்களில் இருக்கின்றன. பிள்ளை ஏன் அப்படி நினைத்தாள் என்று தெரிந்த ஆசிரியரே அதை விடையாக எழுத முடியும். எந்தச் செயலியும் ஹாலிஎலப் பிள்ளையின் பிழையை அறியாது. பாடவேளைக்கு ஒரு கேள்வி போதும், அதற்குப் பின்னால் மூன்று உண்மையான பிழைகள் இருந்தால்.

அடுத்த கிழமைக் கேள்வி: ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், கம்பனி 12 சதவீதம். 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் அம்மாவின் கைக்கு வராமல் போவது எவ்வளவு? சரியான விடை 108. கம்பனியின் பங்கை எடுத்தால் 162. இரண்டையும் கூட்டினால் 270. நான்காவது விடை எனக்கு இன்னும் அகப்படவில்லை. அதை இந்தமுறை வகுப்பிடமே விடப்போகிறேன்: ஆளுக்கொரு பிழையான விடை எழுதுங்கள், அதை நம்பக்கூடிய ஒருவர் எப்படிக் கணக்குப் பார்த்திருப்பார் என்று கீழே ஒரு வரியும் எழுதுங்கள்.